பெட்டிப் பொருத்தம்

மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பொருத்தம் பார்த்து ஜனங்களுக்கு அலுத்துவிட்டது போலிருக்கிறது. இப்போது சேர்வராயன் மலையில் ஆளுக்கும் பெட்டிக்கும் பொருத்தம் பார்க்கிறார்கள். பத்துப் பொருத்தமெல்லாம் வேண்டாம், ஒரே பொருத்தம்தான். விமானத்துக்குள் நீங்கள் கையோடு கொண்டுபோகிற பெட்டி உங்களை ஏற்றுக்கொள்கிறதா இல்லையா? ஏற்றுக்கொண்டால் போன இடத்தில் பொன்னாகக் குவியும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி, தலையை மெல்ல ஆட்டுவார். சொல்லித் தொலைத்திருந்தால்கூட அவ்வளவு பயம் வந்திருக்காது.

அவர் என்றால் பயணச் சித்தர். மஞ்சக்குட்டைக்குப் போகிற வழியில், காப்பி காயப்போட்டு எஸ்டேட்காரர்கள் கைவிட்ட பழைய களத்தின்மேல் தகர ஷெட் போட்டு, தரையில் சலவைக்கல் மாதிரி பூப்போட்ட வழவழ விரிப்பு விரித்து உட்கார்ந்திருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் சித்தன். ஆகவே சித்தராவதற்குத் தவம், காடு, பட்டினி எதுவும் தேவைப்படவில்லை. கடைசி எழுத்தை மாற்றியதோடு வேலை முடிந்தது. அதற்கு முன் சேலத்தில் பயணப் பெட்டி விற்கும் கடை வைத்திருந்தார். கடை படுத்துவிட்டது, உடனே ஞானம் எழுந்துவிட்டது. விற்காத பெட்டிகளை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமையானால் வாழவந்தியிலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். குவைத்துக்குப் போகிற எலக்ட்ரீஷியன், சிங்கப்பூருக்குப் போகிற வெல்டர், பெங்களூருக்குப் படிக்கப் போகிற பெண். ஆத்தூருக்குக் கல்யாணத்துக்குப் போகிற ஒருவர்கூட மஞ்சள் பையோடு வரிசையில் நின்றார். ஷெட்டின் சுவரில் வேல், சிலுவை, பிறை மூன்றும் ஒரே அளவில் வரையப்பட்டிருந்தன. சித்தருக்கு மத பேதம் கிடையாது. எந்த மதத்துக்காரர் நீட்டிய நோட்டையும் அவர் இதுவரை மறுத்ததில்லை.

அந்த வரிசையில்தான் சசிரேகா நின்றாள். நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஒன்றும் ஆசையில்லை. அம்மா பூவாயி கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

சசிரேகா நர்ஸ். சேலத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதி, அயர்லாந்தில் வேலை வாங்கியிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை விமானம். சான்றிதழ்களை எல்லாம் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதால் பெட்டி வாங்குவதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்கினாள். இழுக்கும் பிடியை ஏற்றி இறக்கி ஆட்டிப் பார்த்தாள். பெட்டி நிறையத் துணியைத் திணித்து ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். சக்கரம் திருகாணி போட்டிருக்கிறதா, வெறுமனே ஒட்டியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்தாள். மூடிமேல் முழங்காலை ஊன்றி அழுத்தியபோது, பெட்டி வாங்க வந்தீர்களா, குஸ்தி போட வந்தீர்களா என்று கடைக்காரர் கேட்டேவிட்டார். நாலு சக்கரப் பெட்டி பார்க்கச் சொகுசுதான். ஆனால் மலைப் பஸ்ஸில் வைத்தால் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஓட்டுநரைத் தேடிப் போய்விடும் என்று ஒதுக்கிவிட்டு, பெரிய ரப்பர் சக்கரம் இரண்டு மட்டும் உள்ள சாம்பல் நிறப் பெட்டியை வாங்கினாள். வைத்த இடத்தில் நிற்கும், லேசில் உடையாது.

அந்தப் பெட்டியைத்தான் சித்தர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"எந்தத் தேசம் தாயி?"

அயர்லாந்து என்றாள். அயர்லாந்து எங்கே இருக்கிறது என்று சித்தருக்குத் தெரியாது. தெரியாததை அவர் என்றைக்குமே ஒரு குறையாக நினைத்ததில்லை. "அப்ப நீ மேக்க போயி நில்லு," என்றார். சசிரேகா ஷெட்டின் மேற்குக் கோடியில் போய் நின்றாள். அங்கே ஒரு செவலை நாய் சுருண்டு படுத்திருந்தது. சித்தர் கிழக்குக் கோடியில் பெட்டியை நிமிர்த்தி வைத்து, ஏதோ முணுமுணுத்துக் கையை எடுத்தார். பெட்டி அசையவில்லை. இரண்டு சக்கரமும் இரண்டு கட்டைக் காலும் உள்ள பெட்டி எதற்கு அசைய வேண்டும்?

சித்தர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு அவர் பூவாயியின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "உங்க ஊட்டுல போனவங்க யாராச்சும் திரும்பாம இருக்காங்களா?" என்று கேட்டார்.

பூவாயி மாதிரி எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் எந்த வீட்டில் இப்படிக் கேட்டாலும் ஒருவராவது இருப்பார். பூவாயி வீட்டில் அது அவள் புருசன். எஸ்டேட் லாரியில் மூட்டையோடு சேலத்துக்குப் போனவர், வளைவில் லாரி உருண்டதில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து மகள் பஸ் ஏறும்போதெல்லாம், அது வளைவைத் தாண்டும்வரை பூவாயி ரோட்டிலேயே நிற்பாள். அந்தப் புண்ணில் கையை வைத்துவிட்டார் சித்தர். பூவாயி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்து, சித்தரின் சொந்தச் சரக்கிலிருந்து, ஆரஞ்சு நிறத்தில், தங்க ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு பெட்டி வந்தது. நாலு சக்கரம். விலை மட்டும் சேலத்து விலைக்கு மூன்று பங்கு. சித்தர் கையை எடுத்ததும் பெட்டி குடுகுடுவென்று தானாக ஓடி வந்து சசிரேகாவின் காலடியில் நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த வாழவந்தி ஜெயபிரகாஷ் முன்னால் வந்து சாட்சி சொன்னான். போன தடவை இங்கே பொருத்தம் பார்த்து வாங்கிய பெட்டிதான், விமான நிலையத்திலேயே பிடி கழன்று, மூடி பிளந்து, அவன் ஜட்டி முதல் ஊறுகாய் வரை தரையில் கொட்டிவிட்டதாம். அது பெட்டியின் குற்றமில்லை, இவனுக்கு வர இருந்த கண்டத்தைப் பெட்டி தன்மேல் வாங்கிக்கொண்டது என்று சித்தர் விளக்கியிருந்தார். "எம் உசுரு போறதுக்குப் பதிலா பிடி போச்சுங்க," என்றான் ஜெயபிரகாஷ், நன்றிப் பெருக்கோடு. அதே மாதிரி இன்னொன்று வாங்கத்தான் வந்திருந்தான்.

பூவாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சாம்பப் பெட்டியோட நீ போனீன்னா, நீ திரும்பி வார வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது கண்ணு. இதையே வாங்கிக்கோ. இல்லாட்டிப் போகவே வேண்டாம்."

வாங்கித் தொலைத்துவிடலாமா என்று சசிரேகாவுக்கும் ஒரு நிமிடம் தோன்றியது. அம்மா இப்படி அழுதுகொண்டு நின்றால் அவளால் விமானம் ஏற முடியாது. ஆரஞ்சுப் பெட்டியின் மூடியை விரலால் அழுத்திப் பார்த்தாள். அப்பளம் மாதிரி உள்ளே போனது. இத்தனை வருசம் படித்த படிப்பை இதற்குள்ளா வைப்பது? அதுகூடப் பரவாயில்லை. செத்துப்போன அப்பாவைக் காட்டிப் பெட்டி விற்கிறானே இந்த ஆள் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஏனுங்க, இந்தப் பெட்டி எனக்குப் பொருத்தம்தானுங்களே?"

"நூத்துக்கு நூறு தாயி."

"அப்ப நான் எங்க நின்னாலும் வருமுங்களா?"

சித்தர் சிரித்தார். பெருமை தலைக்கேறியிருந்தது. "நீ ஏழு கடலுக்கு அந்தாண்ட நின்னாலும் தேடிட்டு வரும்."

"ஏழு கடல் வேண்டாமுங்க," என்று சொல்லிவிட்டு, சசிரேகா பெட்டியைத் தள்ளிக்கொண்டு கிழக்குக் கோடிக்கு வந்து, சித்தருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். "இங்க நின்னுக்கறேன். பெட்டியைத் திருப்பி விடுங்க, நான் கூப்புடறேன்."

சித்தர் திசை என்றார், ராகு என்றார், உச்சி நேரம் என்றார். ஆனால் கூட்டத்துக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. விட்டுத்தான் பாருங்களேன் சாமி என்று நாலு பேர் சொன்னார்கள். சசிரேகா பெட்டியைத் தன்னைப் பார்த்தபடி திருப்பி, கையை எடுத்தாள். பொருத்தமான பெட்டி அவளை விட்டுவிட்டு மேற்கே ஓடியது. ஓடிப்போய் அந்தச் செவலை நாயின்மேல் மோதி நின்றது. சித்தர் கணக்குப்படி பார்த்தால் அயர்லாந்துக்குப் போக வேண்டியது அந்த நாய்தான்.

சித்தர் எழுந்து நின்று கத்தினார். இவள் நம்பிக்கை இல்லாதவள், அதனால் பெட்டி கோபித்துக்கொண்டு ஓடுகிறது என்றார்.

"பெட்டிக்கு என் மேல கோபம். செரி," என்றாள் சசிரேகா. "தண்ணிக்கு யாரு மேல கோபமுன்னு பாத்துருவமுங்களா?"

சித்தரின் தீர்த்தச் சொம்பை எடுத்து விரிப்பின்மேல் கவிழ்த்தாள். தீர்த்தம் ஒரு கணம் யோசித்தது. பிறகு பெட்டி போன வழியிலேயே, அதே மேற்குக் கோடிக்கு, நெளிந்து நெளிந்து ஓடியது. நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டது.

பூவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மேற்குக் கோடிக்குப் போய் விரிப்பைப் பிடித்துச் சுருட்டினாள். அடியில் சிமெண்டுக் களம், கோடியில் மழைத் தண்ணீர் போகிற கால்வாய். களத்தை எப்போதுமே சாய்த்துத்தான் கட்டுவார்கள். மழை பெய்தால் காயப்போட்ட காப்பி ஊறிவிடக் கூடாது அல்லவா? அங்கே நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் அந்தக் களத்தில் காப்பி காயப்போட்டவர்கள், துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளியவர்கள். இது பழைய களம் என்று எல்லாருக்கும் தெரியும். விரிப்பைப் போட்டு ஊதுவத்தியை ஏற்றியதும் களம் மறந்துவிட்டது, கோயில் ஆகிவிட்டது.

"இந்தக் கோடியில நான் கொஞ்சநஞ்சமா தண்ணி தள்ளியிருக்கறேன்?" என்றாள் பூவாயி. சுருட்டிய விரிப்பைச் சித்தர் காலடியில் வீசினாள். "எம் புருசன் சாவை வெச்சு எங்கிட்டயே யாவாரம் பண்ணீட்டயேடா."

நன்றிப் பெருக்கோடு நின்ற ஜெயபிரகாஷ் போய் ஆரஞ்சுப் பெட்டியின்மேல் முழங்காலை ஊன்றினான். மூடி இரண்டாகப் பிளந்தது. இந்தத் தடவை யாருடைய கண்டத்தை அது வாங்கிக்கொண்டது என்று விளக்கச் சித்தர் அங்கே இல்லை. பின்பக்கத் தகரத்தை நெம்பி, வேன் நிற்கிற இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். மேட்டுப் பக்கம்தான் ஓட வேண்டியிருந்ததால் மூச்சு வாங்கியது. ஜீப்புக்காரர்கள் எதிரே போய் மறித்துப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

பூவாயி சாம்பல் பெட்டியின் பிடியைத் தானே பற்றிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு ஊட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று மகளிடம் கேட்டாள்.

புறப்படும்போது ஜெயபிரகாஷ் ஓடி வந்து, நல்ல பெட்டி எப்படிப் பார்த்து வாங்குவது என்று சசிரேகாவிடம் விசாரித்தான். பிடி, ஜிப், திருகாணி, மூடி என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, அவன் தலையைச் சொறிந்தான்.

"ஒரு பெட்டிக்கு நொம்ப சோதனையா இருக்குதுங்களே."

"ஒரு பெட்டிக்கே இத்தனை பாக்கோணுமுங்க," என்றாள் சசிரேகா. "உங்க உசுரையே நம்பிக் குடுத்தீங்களே அந்த ஆளுகிட்ட, அவனை எதைத் தட்டிப் பாத்துக் குடுத்தீங்க?"