ஒற்றைப்படைத் தேதியில் ராக்

ராக் இசையை முழுதாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் பழவேற்காட்டுக் கரையில் நண்டு ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லாம் தலையை ஆட்டியவர்கள்தான்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கே அவர் ஏலக்காரர். நான் அப்போது அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர்; கோட்டைக்குப்பத்தில் அவர் வீட்டை ஒட்டிய அறையில் வாடகைக்கு இருந்தேன். பொன்னேரியில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு கேசட் வாங்கியிருந்தேன். அட்டை கிடையாது, மேலே ஒட்டிய தாளை யாரோ சுரண்டியிருந்தார்கள். ஆவணம் முழுமையாக இல்லாத எதையும் நான் ஏற்பதில்லை. இதை ஏற்றேன். உள்ளே ஆங்கில ராக். பாடியவன் தொண்டை கிழியக் கத்தினான். எனக்கு அது உயிராகிவிட்டது.

ஏலக்காரர் கதவைத் தட்டினார்.

"இன்னா சார், யாரு இந்தாளு? எந்தக் கரையில ஏலம் உட்றான்?"

"இது பாட்டு, நைனா."

"நல்லாக் கேளு. கிட்டார்காரன் வெலய ஏத்தினே போறான். இவன் சரக்க வுட மாட்டன்றான்."

அன்றிலிருந்து என்னால் அதை வேறு மாதிரி கேட்க முடியவில்லை. மூன்றாவது பாட்டில் ஓர் இடத்தில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நிற்கும். அந்த மௌனத்தை அவர் ஏலத்துக்குக் கொண்டுபோனார். "ஒருதரம், ரெண்டுதரம்" என்றுவிட்டுக் கண்ணை மூடி நின்றுவிடுவார். தாங்க முடியாமல் வியாபாரிகள் தங்கள் விலையையே தாங்களே ஏற்றினார்கள்.

பிறகு ஒருநாள் அவர் கேசட்டை எடுத்துப்போனார்; திருப்பவில்லை. உரிமை, அனுபோகம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாடு வெச்சிக்கலாம்" என்றார்.

ஏரியில் வலை போடும் இடங்களுக்கு முறை வைப்பதை அங்கே பாடு என்பார்கள். ஒருவன் முறையன்று இன்னொருவன் அந்த இடத்தில் வலை இறக்க மாட்டான். ஒற்றைப்படைத் தேதி அவருக்கு, இரட்டைப்படை எனக்கு என்று முடிவாயிற்று. முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து அவருக்கே போகிறதே என்று ஆட்சேபித்தேன்.

"அது கோயில் பங்கு சார்."

மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

எனக்கு இடமாறுதல் ஆணை வந்தது ஒரு பதினேழாம் தேதி. அன்று பிற்பகலே பணியிலிருந்து விடுபட வேண்டும். கேசட்டைக் கேட்டுப் போய் நின்றேன்.

"நாளிக்குத்தான் உன் பாடு. நாளிக்கு வா" என்றார்.

விதி என்றால் விதி. அதை நான் மறுக்க முடியுமா? வெறுங்கையோடு பேருந்து ஏறினேன்.

ஓய்வு பெற்ற பிறகு மகன் ஒரு போன் கொடுத்தான். உலகத்துப் பாட்டெல்லாம் அதில் இருக்கிறதாம். எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது? முனகிக் காட்டினால் கண்டுபிடிக்கும் என்றான். முனகினேன். மூக்கடைப்புக்கு மருந்து காட்டியது. அந்தக் கேசட் ஒன்றுதான் கதி. போன மாதம் பழவேற்காட்டுக்குப் போனேன்.

ஏலக்காரர் ஏலத்தை விட்டிருந்தார். குரல் கம்மிவிட்டது. என்னைக் கண்டதும் நலம்கூட விசாரிக்காமல், பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து கேசட்டை எடுத்து நீட்டினார்.

"இத்தினி வருசமா ஓடித் தேஞ்சிருக்குமே, நைனா?"

"பாதிதான் தேஞ்சிக்கிது. ரெட்டப்படையில நான் போடல."

"நான்தான் ஊர்லயே இல்லையே."

"நீ வரலன்னா? உன் பாட்டுல நான் எறங்க முடியுமா? இன்னா சார், படிச்சவன் கேக்கற கேள்வியா?"

அன்று தேதி பன்னிரண்டு. ரப்பர் பட்டை கட்டிய தன் டேப் ரிக்கார்டரை என் முன்னால் வைத்தார். பொத்தானை அழுத்தினேன். கொஞ்சம் இழுவையோடு அதே தொண்டை கத்தத் தொடங்கியது. ஏலக்காரர் எழுந்து வாசலைத் தாண்டிப் போனார்.

"எங்க போற நைனா?"

"இன்னிக்கு உன் பாடு. நான் இங்க குந்தினு கேக்கக் கூடாது."

கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன். என் பணிக்காலத்தையும் ஓய்வையும் சேர்த்து, நான் அனுமதித்த ஒரே ஆக்கிரமிப்பு அது.