அக்காவுக்கு வயது மூன்று

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பாதி சோம்பேறித்தனம், மீதி என் அக்கா கோமதி மேல் உள்ள பயம். ஆனால் அடுத்த மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்ததும் மச்சான் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். அவர் சொன்னால் அதில் நான் இன்னும் பெரிய முட்டாளாக வருவேன். (நிஜத்தில் இருந்த அளவே போதும்.) அதோடு என் கூட்டாளி பிரபு, ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன், "ஊர்ல அத்தன பேரையும் ஓட்டறயே மாப்ள, உன்னோடத எழுது பாக்கலாம்" என்று ஒரே நச்சரிப்பு. சரி, எழுதித் தொலைக்கிறேன்.

பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. (நான் அதை விட்டேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.) ஒண்டிக்கடையில் செல்வராசு அண்ணன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், கல்யாணம் காதுகுத்துக்குப் பத்திரிகை அடிப்பது, கூடவே கம்ப்யூட்டர் ஜாதகம். மலை மேலும் சரி, கீழே அடிவாரத்திலும் சரி, அந்த ஜாதகத்துக்குத் தனி மரியாதை. மனுசன் எழுதினால் தப்பு வரலாம், மிஷின் எழுதினால் வருமா?

அந்த ஜாதகப் புரோகிராம் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். புதுசில் திறந்தால் ஒரு கணம் முழித்துப் பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். அதனால் அண்ணன் ஒரே பெட்டிக்குள் இரண்டு ஹார்டு டிஸ்க் வைத்திருந்தார். ஒன்றில் புது விண்டோஸ், இன்னொன்றில் பழசு. பெட்டியைப் போட்டதும் எஃப் பன்னிரண்டு பொத்தானை டொக்கு டொக்கென்று தட்டினால் கறுப்புத் திரையில் இரண்டு டிஸ்க் பெயரும் வரும். பழசைத் தேர்ந்தெடுத்தால் அது முக்கி முனகி எழுந்து, பச்சைப் புல் மலை ஒன்றைத் திரையில் காட்டும். ஏற்காட்டு மூடுபனியில் ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடைகூடத் தெரியாத நாளிலும், எங்கள் கடைக்குள் மலை தெரியும்.

மலை வந்ததும் அண்ணன் ஒரு காரியம் செய்வார். திரை மூலையில் இருக்கும் கடிகாரத்தை இரண்டு தட்டு தட்டி, அதில் என்னமோ நோண்டிவிட்டுத்தான் ஜாதகத்தையே திறப்பார். வந்தவர்கள் கைகட்டி நிற்பார்கள். நானோ, ஆள் நல்ல நேரம் பார்க்கிற மாதிரி வித்தை காட்டுகிறார் என்று முடிவு கட்டியிருந்தேன். "ஏனுங்ணா, ராகு காலம் போயிருச்சுங்களா?" என்று கேட்டுச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். என்ன செய்கிறார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் அக்காவுக்கு இடம் வந்தது. வந்தது என்ன வந்தது, அவளே பார்த்து வைத்த இடம். அக்கா டவுனில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன். மாப்பிள்ளை அந்த லாட்ஜுக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றி வரும் வேன் டிரைவர், அடிவாரத்துக்காரர். இரண்டு பேரும் பேசி முடித்து, ஒரு தரகரை நடுவில் விட்டு, பெரியவர்கள் பார்த்த சம்பந்தம் போல ஜோடித்திருந்தார்கள். இது எனக்கு மட்டும் தெரியும். (வாயை அடைக்க அக்கா வாங்கித் தந்த ஹெட்செட் இன்னும் நன்றாகப் பாடுகிறது.) மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஜாதகம்தான் எல்லாம். அது சேராததால் ஏற்கெனவே இரண்டு இடத்தைத் தட்டிவிட்டவர். பெண் பார்க்க வரும் அன்றைக்கு ஒண்டிக்கடைக் கம்ப்யூட்டரில் இரண்டு பேருக்கும் ஜாதகம் போட்டுத் தாம்பாளத்தில் வைக்கச் சொல்லிவிட்டார்.

அன்று காலையில் கிளம்பும்போது அக்கா என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அதுவே எனக்குப் பகீரென்றது.

"ஒத்த வேல சாமி. வெளையாடாம பண்ணிட்டு வா. இது தட்டிப்போச்சுன்னா அந்தம்மா மறுபடி நம்மூட்டுப் படி ஏறாது."

கடைக்குப் போனால் அண்ணன் சேலத்துக்குப் போயிருந்தார். சாவி என்னிடம். ராத்திரி மழையில் போன கரண்டு அப்போதுதான் வந்தது. (கடையில் யுபிஎஸ் உண்டு. அதன் மேல் டீ கிளாஸ் வைப்போம்.) பெட்டியைப் போட்டேன், பொத்தானைத் தட்டினேன், பழைய டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தேன். மலை வந்தது. எனக்குத்தான் ஊரே கைகட்டி நிற்பது போல இருந்தது. அண்ணனைப் போல நல்ல நேரம் பார்க்க வேண்டுமே? அதற்கு எதற்குக் கடிகாரத்தை நோண்டுவது, சுவரில்தான் தினசரி காலண்டர் இருக்கிறதே என்று அதை நன்றாகப் படித்தேன். எமகண்டம் கழியும்வரை காத்திருந்தேன். பிறகு பிறந்த விவரங்களை அடித்து, பிரிண்ட் போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, ஒரு வரிகூடப் படிக்காமல் பைக்கில் வாழவந்தியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பறந்தேன்.

வீட்டில் மாப்பிள்ளை, அவர் அம்மா, அவருடைய பெரியப்பா மூன்று பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா காப்பித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். என் அப்பா தாம்பாளத்தை நீட்ட, பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரலில் ஆரம்பித்தார்.

"ஜாதகிக்கு நடப்பு வயது மூன்று."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி, மறுபடி துடைத்து, மறுபடி மாட்டினார்.

"பல் முளைப்பதால் உண்டான உபாதைகள் நீங்கும். இவ்வாண்டு காது குத்த உத்தமம். திருமணம் குறித்து ஆராய இது காலமன்று."

அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மாதான் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, நாங்க பொண்ணுப் பாக்க வந்தமுங்களா, தொட்டில்ல போட வந்தமுங்களா?"

நான் கொல்லைப்பக்கம் ஓடி அண்ணனுக்கு போன் போட்டேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"கடியாரத்துல தேதி மாத்துனியா கண்ணு?"

அப்புறம்தான் விவரம் வெளியே வந்தது. பெட்டிக்குள் கடிகாரத்துக்கென்று இருக்கும் பொட்டு பேட்டரி செத்து வருசக்கணக்காகிறது. கரண்டு போய் வந்தால் பெட்டி, தான் செய்யப்பட்ட காலத்துத் தேதிக்கே போய்விடும். அதாவது ஒரு இருபது வருசம் பின்னால். புது விண்டோஸ் நெட்டில் கேட்டுத் தேதியைத் தானே திருத்திக்கொள்ளும். பழசுக்கு நெட் கிடையாது. அதற்குத்தான் அண்ணன் தினமும் கையால் தேதி வைத்துக்கொண்டிருந்தார். நான் அதை ராகு காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரியான தேதியைச் சுவரில் எழுத்துக்கூட்டிப் படித்த அதே நேரத்தில், மிஷினுக்குள் என் அக்காவுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

உள்ளே போய் இதைச் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"தேதி கூடத் தெரியாத கம்ப்யூட்டருங்களா? எங்கூட்டுச் செவுத்துக் காலண்டருக்கே தெரியுதே. இது நல்ல சகுனமில்லீங்க. டேய், வண்டிய எடு."

மாப்பிள்ளை எழுந்தார், அக்காவைப் பார்த்தார், நின்றார். அக்கா என்னைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெரியப்பா மட்டும் எழவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் அப்பா பக்கம் திரும்பினார்.

"ஏனுங், புள்ளைக்கு எப்பக் காது குத்துனீங்க?"

அப்பா விரல் விட்டு யோசித்தார். "மூணாவது வயசுலதானுங்க."

பெரியப்பா பக்கத்தைத் திருப்பி, மாப்பிள்ளையின் ஜாதகத்துக்குப் போனார்.

"ஜாதகருக்கு நடப்பு வயது ஏழு. கல்வியில் நாட்டம் குறையும். நாலு கால் பிராணியால் காயம் உண்டாகும்."

மாப்பிள்ளையின் கை அவரைக் கேட்காமலே பின்பக்கம் போனது.

அவருடைய அம்மா வாசல்படியிலேயே நின்றுவிட்டார். "ரெண்டாங் கிளாஸ்லதானே உன்ன நாய் கடிச்சுது? ஒரு வாரம் உக்கார முடியாம குப்புறப் படுத்துக் கெடந்தியே."

"அம்மா, விடும்மா" என்றார் மாப்பிள்ளை.

அதுவரை அழப்போகிறவள் போல நின்ற அக்கா, தட்டோடு அப்படியே உள்ளே ஓடினாள். சமையலறையிலிருந்து வந்தது அழுகைச் சத்தம் இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆள் ஆடிப்போயிருந்தார். "நடந்து முடிஞ்சதையே இத்தன சுத்தமாச் சொல்லுதே. நடக்கப்போறத எப்படிச் சொல்லும்னு பாருங்க" என்று அந்தப் பெரியப்பாவிடமே முறையிட்டார். பிறகு என்னிடம், "கண்ணு, போயி இன்னிக்குத் தேதிக்கு ஒண்ணு எடுத்துட்டு வா. நாங்க இருக்கறம்."

பெரியப்பாவும் என் பைக்கில் ஏறிக்கொண்டார், சாட்சிக்கு. நான் கடிகாரத்தை நோண்டித் தேதி வைப்பதைக் கைகட்டிப் பார்த்தார். பொருத்தம் நன்றாகவே வந்தது. கிளம்பும்போது என் காதருகே குனிந்து, தேதியைப் பழையபடி பின்னால் தள்ளி அவருக்கும் ஒன்று போட முடியுமா என்று கேட்டார். வயது குறைந்த மாதிரி ஒரு காகிதம் கையில் இருந்தால் மனதுக்குத் தெம்பாக இருக்குமாம். போட்டுக் கொடுத்தேன்.

கல்யாணத்தில் மச்சானின் கூட்டாளிகள் மேடையேறி அக்காவுக்கு ஒரு பால் புட்டி பரிசு கொடுத்தார்கள். மச்சான் இன்றுவரை அவளை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார். அவள் பதிலுக்கு மெதுவாகக் குரைக்கிறாள். என்னை வழியில் பார்க்கிற யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "இன்னைக்கு என்ன தேதி?" என்கிறார்கள். அண்ணன் அந்தப் பொட்டு பேட்டரியை மாற்றிவிட்டார். இருந்தாலும் மலை வந்ததும் என் கை தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது.

அக்கா மகளுக்கும் இப்போது மூன்று வயது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், அதனால் இந்தத் தடவை எந்தத் தப்பும் வரக்கூடாது என்று பத்திரிகையை நானே அடித்தேன். இந்தக் கதையையும் அந்தப் பத்திரிகையையும் சேர்த்து முதலில் பிரபுவுக்குத்தான் அனுப்பினேன். பதில் உடனே வந்தது.

"கதை சூப்பரு மாப்ள, ஆனா உன் பத்திரிகைப்படி பாத்தா காதுகுத்து போன வருசமே முடிஞ்சிருச்சு."