வழியனுப்பப் போனதில் பிழைத்த ஸ்டேஷன்

லிண்டன்ஹொல்ட்ஸ்,
ஹனோவருக்குப் பக்கம்,
செவ்வாய் பின்னேரம்.

பெருமதிப்பிற்குரிய ஸ்ரீதரன் அத்தானுக்கு,

நானும் நேசமலரும் பிள்ளைகளும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் ஸ்டேஷனும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். தொலைபேசியில் சொன்னால் இடையில் புகுந்து என்னைப் பேச விடமாட்டீர்கள் என்பதால், எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரி வரை வாசியுங்கள்.

உங்கள் இங்கிலாந்துக் கிராமத்து ஸ்டேஷனின் சரித்திரத்தைப் போன மாதம் பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர்கள். இளவரசி ஒருத்தி இறங்கித் தேநீர் குடித்தது, ஸ்டேஷன் மாஸ்டரின் ரோஜாவுக்குப் பரிசு கிடைத்தது எல்லாம் படித்து எனக்கு வயிறெரிந்தது. எங்கள் ஸ்டேஷனைச் சீனி காய்ச்சுகிற பீட் கிழங்கு ஏற்றத்தான் கட்டினார்களாம். இங்கே முதலில் இறங்கிய பிரமுகர் ஒரு பன்றி. பக்கத்து வீட்டு பிரான்ட் ஐயாதான் இதன் சரித்திரத்தை எழுதுகிறவர். அவர் அதைப் பெருமையாகவே சொல்கிறார். அந்தச் சரித்திரமும் முடியப் பார்த்தது. ஏறுகிற ஆட்கள் போதாது, இந்தக் கிழமை ஏழு நாளும் ஆள் எண்ணிவிட்டு, ரயில் இனி இங்கே நிற்குமா இல்லையா என்று முடிவு செய்வோம் என ரயில்வேக்காரர் அறிவித்துவிட்டார்கள். நேசமலர் வேலைக்குப் போவது அந்த ரயிலில்தான். எனக்குக் கார் ஓட்ட வராது என்பதை நீங்களே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். ரயில் நிற்காவிட்டால் இந்த வீட்டை விட்டுப் போகவேண்டியதுதான் என்று இருவரும் நித்திரையில்லாமல் கிடந்தோம்.

இப்படியிருக்க, எங்களிடம் விருந்துக்கு வந்திருந்த சந்திரகாந்தி அக்காவை உங்களிடம் திருப்பி அனுப்ப, விமான நிலையத்துக்கு ரயிலேற்றிவிட இன்று காலை ஸ்டேஷனுக்குப் போனோம். எங்கள் ஆட்கள் வழியனுப்பும் அழகு உங்களுக்குத் தெரியாததல்ல. சுபானி குடும்பம், மதீசன் குடும்பம் எல்லாம் நேற்றே கார்களில் வந்து இறங்கிவிட்டன. ரயில் வந்ததும் பெட்டியை வைக்க மதீசன் ஏற, அவன் வைத்தது சரியில்லை என்று நான் ஏற, முறுக்கு வாளி கவிழப் போகிறது என்று நேசமலர் ஏற, அவளுக்கு உதவியாகச் சுபானி வீட்டார் ஏற, கண்ணாடிக்குள்ளிருந்து கைகாட்டும் ஆசையில் பிள்ளைகளெல்லாம் ஏற, கதவு சாத்திக்கொண்டு ரயில் வெளிக்கிட்டுவிட்டது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்து, கூட்டமாகத் திரும்பி வந்து சேர்ந்தோம். ஆள் எண்ணுகிற பெண் கருவியை அமுக்கி அமுக்கிக் களைத்துப்போயிருந்தாள். கிழமை முழுக்க இப்படியிருந்தால் மூடுகிற கதையே இராது என்று சிரித்தாள். பிரான்ட் ஐயா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். சரித்திரத்தில் பன்றிக்கு அடுத்ததாக எங்கள் குடும்பத்தைத்தான் எழுதப்போகிறாராம். சந்தோஷத்தில் நான் அழுதேவிட்டேன், அத்தான்.

உங்கள் ரோஜாச் செடிகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள். இரண்டு ஸ்டேஷன்களிலும் ரயில்கள் நேரத்துக்கு வந்துபோக ஆண்டவன் அருள் புரியட்டும்.

என்றும் உங்களுக்கு அடங்கிய மைத்துனன்,
அரியரத்தினம்

பி.கு.: இன்றிரவு பூங்கொத்தோடு உங்கள் ஸ்டேஷனுக்குப் போய் நிற்க வேண்டாம். அடித்துப்பிடித்து ஏறிய எங்களில் பயணம் போகவேண்டியவர் மட்டும் இல்லை. அக்கா பிளாட்போமில் நின்று எங்களுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார். பெட்டியைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம், விமானம்தான் போய்விட்டது. இனி எப்போது பயணம் என்று பயந்து பயந்து கேட்டேன். அக்கா முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார்: “அந்த ஆக்கள் எண்ணி முடிக்குமட்டும் ஒவ்வொரு நாளும் என்னை வழியனுப்புங்கோ.”