ஆர்மோனியம் மாமாவின் அருட்கண்ணீர்

எங்கள் குடும்பத்தில் ஒரு புனிதர் உருவாகிக்கொண்டிருக்கிறார் என்று எழுபதுகளில் நாங்கள் அனைவரும் மனமார நம்பினோம். அவர் என் தாய்மாமன். தருமபுரியில் எங்கள் மாதா கோவிலில் ஆர்மோனியம் வாசித்துப் பாடுவார் என்பதால், ஊருக்கே ஆர்மோனியம் மாமா.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. சோடாபுட்டிக் கண்ணாடி இல்லாவிட்டால் சொந்த அக்காவையே யாரென்று விசாரிப்பவர் அவர். பெங்களூர் போய்த் திரும்பிய ஞாயிறன்று கண்ணாடியின்றி வந்து, கடைசி வரிசையில் தூங்கியவரைப் பெயர் சொல்லி எழுப்பினார். பாடத் தொடங்கியதும் கண்கள் சிவந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. பார்வை கிடைத்த நன்றியில் அழுகிறார் என்று என் அம்மா முழங்காலிட்டார். அடுத்த ஞாயிறு, கூரைக்கு ஓடு மாற்றும் அறிவிப்புக்கும் அழுதார். தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மாமா எதையும் மறுக்கவில்லை.

அந்தப் புனிதமே அவர் கல்யாணத்துக்கு உலை வைத்தது. பாலக்கோட்டில் ஒரு திருவிழாவில் பார்த்த பெண்ணைத்தான் கட்டுவேன் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். பெண் பார்க்கப் போனோம். பெண் வந்து நின்றதும் மாமாவின் கண்ணீர் காப்பியில் சொட்டியது. பெண்ணின் அப்பா பலகாரத் தட்டை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சாமியாராப் போக வேண்டிய புள்ளைங்க இது. குடும்பத்துல கட்டிப்போட்டா பாவம் நமக்குத்தான்."

மாமா கண்களைத் துடைத்துக்கொண்டார். பெண்தான் பேசினார்.

"என்னப் புடிக்கலன்னா சொல்லிடுங்க. அதுக்கு எதுக்கு அழுவறீங்க?"

"ரொம்பப் புடிச்சிருக்குங்க. கண்ணுக்குள்ள லென்ஸ் வெச்சிருக்கேன். அதான் எரியுது."

என் அம்மாவின் அற்புதம் அங்கேயே உடைந்தது. மேற்கொண்டு விசாரணையைப் பெண்ணே நடத்தினார். மருத்துவர் இரண்டு பாட்டில்கள் தந்திருந்தாராம். ஒன்றில் இருந்த கிருமிநாசினியில் லென்ஸை இரவு ஊறவைத்து, காலையில் மற்றதால் நன்றாக அலசிய பிறகே கண்ணில் வைக்க வேண்டும். மருந்தைக் கழுவினால் சக்தி போய்விடுமே என்று மாமா சொட்டச் சொட்ட அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறார்.

"அப்ப அந்த இன்னொரு பாட்டில என்ன பண்ணீங்க?"

"அது உப்புத்தண்ணிதானுங்களே. பாடறதுக்கு முன்னாடி தொண்டைக்குக் கொப்புளிச்சிட்டேன்."

"சீயக்காய் தேச்சாலும் அலசாமத்தான் வூட்ட வுட்டு வருவீங்களா?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். சிரித்துச் சிரித்து அவர் கண்களிலும் நீர் வந்துவிட்டது. மாமா அதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா தட்டை மீண்டும் எங்கள் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுங்க. இவரு சாமியாரா ஆவ மாட்டாரு."

அன்று மாலையே மாமா லென்ஸை எடுத்து, எரிச்சல் அடங்கும்வரை கண்களுக்கு ஓய்வு கொடுத்தார். அதன் பின்பு அலசாமல் வைத்ததே இல்லை. வறண்ட கண்களோடு அவர் பாடியது கோவிலில் சிலருக்கு வருத்தமாகவே இருந்தது.

மாமா இப்போது இல்லை. தருமபுரி வீட்டில் அத்தை இருக்கிறார். தன் ஒருத்திக்காக மட்டும் உலை வைக்கத் தெரியவில்லை என்று சொல்லி, போகிறவர்களையெல்லாம் சாப்பிடவைத்தே அனுப்புகிறார்.