வாத்தியார் வீட்டுப் படகு

வாசல் கேட்டைச் சாத்த முடியவில்லை. படகின் மூக்கு இரண்டு அடி தெருவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

பூகோள வாத்தியார் ஒரு கதவைத் தள்ளிப் பார்த்தார். மறு கதவைத் தள்ளிப் பார்த்தார். படகு உட்கார்ந்திருந்த இரண்டு சக்கர வண்டி இம்மியும் நகரவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து சாயங்காலம் அலுத்துச் சலித்து வந்த மனுஷன், வாசலில் இப்படி ஒரு சிவப்புப் படகைப் பார்த்தால் என்னதான் செய்வார்? கையிலிருந்த விடைத்தாள் கட்டைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பிடிச்சிருக்கா?" என்றாள் மனைவி.

"இது... இது என்ன?"

"ஸ்கீ படகுங்க. செகண்ட் ஹேண்டுதான். பழைய படகு விக்கிறவர்கிட்ட தேடித் தேடி வாங்கினேன். நீங்கதான் சொல்லிக்கிட்டே இருப்பீங்களே, ஒரு படகு மட்டும் இருந்திருந்தா காட்டியிருப்பேன்னு."

சொல்வார்தான். பன்னிரண்டு வருஷமாகச் சொல்கிறார். காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு, படகிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்மேல் நின்றபடி சறுக்கிக்கொண்டு போவார்களே, அதில் தான் கல்லூரி நாளில் கில்லாடி என்று சொல்வார். இவளை முதன்முதலாகச் சந்தித்த அன்று பேச ஒன்றும் தோன்றாமல், வாய்க்கு வந்ததை அப்படி அடித்துவிட்டார். அவள் முகம் மலர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை விட மனசில்லாமல் மறுநாளும் அதையே சொன்னார். அப்புறம் கல்யாணமாகிவிட்டது.

உண்மை என்னவென்றால், உலகத்துப் பெருங்கடல்களின் ஆழமெல்லாம் வாத்தியாருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் முட்டிக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. குளிக்கும்போதுகூட வாளியைச் சற்றுத் தள்ளித்தான் வைத்துக்கொள்வார். நீச்சல் என்றாலே காத தூரம் ஓடுவார்.

"என்னங்க பேச மாட்டேங்கறீங்க?"

"சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சு" என்றார். அதுவும் பொய்தான்.

"ஒண்ணும் அவசரமில்லைங்க. பழைய சாமான். வாசல்ல இப்படி நின்னாலே எவ்வளவு அழகா இருக்கு!"

நல்ல வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். ஆனால் அதே நேரம் பார்த்து மச்சான் வந்து இறங்கினார். மனைவியின் அண்ணன், கதவு ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். எந்த வேலையையும் நாளைக்குத் தள்ளாத கொடிய மனிதர்.

"அட்றா சக்கை! படகா? மாப்பிள்ளை, இனி உங்களைக் கையில பிடிக்க முடியாது! எப்போ ஏரியில இறக்கறோம்?"

"இறக்கணுமா அண்ணா? சும்மா நிக்கட்டுமே" என்றாள் மனைவி.

தன்னைக் கையாலாகாதவன் என்று மச்சான் நினைத்துவிடுவாரோ என்று வாத்தியாருக்குத் தோன்றியது. நாக்கில் சனி வந்து உட்கார்ந்தான்.

"நிக்க வெச்சு அழகு பார்க்கவா படகு? தண்ணியில போகணும் மச்சான், தண்ணியில! இன்ஜினை மட்டும் ஒருதரம் பார்க்கணும்."

"பாருங்க. ஞாயித்துக்கிழமை வெச்சுக்குவோம். சொந்தக்காரங்களுக்கெல்லாம் நான் சொல்லிடறேன்."

அன்றைக்குத் திங்கட்கிழமை.

மறுநாள் வாத்தியார் நன்றாக யோசித்து, ஊரிலேயே மோசமான மெக்கானிக்கைத் தேடிப் போனார். அவனுக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர். அவன் ரிப்பேர் பார்த்த மின்விசிறி காற்றை மேலே அனுப்பும். அவன் தொட்ட மோட்டார் தொட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்சித் திரும்பக் கிணற்றுக்கே கொடுக்கும்.

"நீங்க ரிப்பேர் பண்ணின எதாவது ஒழுங்கா ஓடியிருக்கா?" என்று வாத்தியார் ஆசையோடு கேட்டார்.

"எல்லாமே ஓடும் சார். திசைதான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்."

"போதும். வாங்க."

ரிவர்ஸ் இரண்டு மணி நேரம் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தான். வாத்தியார் நிம்மதியாகப் பேப்பர் படித்தார். மனைவி அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ரொம்பக் கஷ்டமான வேலையோ? முடியலைன்னா விட்டுடுங்க, பரவாயில்லை" என்றாள் ரிவர்ஸிடம்.

என்ன தங்கமான மனசு என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தெருவே அதிர்ந்தது. காக்கைகள் பறந்தன. சூடு தணியத் தோட்டத்துக் குழாயிலிருந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டு இன்ஜின் ஜம்மென்று உறுமியது.

"எப்படிய்யா?" வாத்தியார் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"முன்னாடி எவனோ ஒயரையெல்லாம் தப்பா மாத்திப் போட்டிருந்தான் சார். நானும் வழக்கம் போல மாத்திப் போட்டேன். நேரா வந்துடுச்சு!" ரிவர்ஸின் கண் கலங்கியிருந்தது. அவன் வாழ்க்கையில் முதல் வெற்றி, பாவம்.

மனைவியின் கையிலிருந்த டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. சந்தோஷத்தில் நழுவவிட்டாள் என்று வாத்தியார் நொந்துபோனார்.

புதன்கிழமை அவர் வேறு வழியில் இறங்கினார். இன்ஜின் ஓடினால் என்ன, தரை இருந்தால்தானே படகு? படகுக்குள் ஏறி, யாரும் பார்க்காத சமயம், இரண்டு காலையும் சேர்த்துத் தம் கட்டி ஒரு குதி குதித்தார். மடார்! வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. காலை எடுக்கத்தான் முடியவில்லையே தவிர, மனசு குளிர்ந்துவிட்டது.

மச்சான் வந்து கைத்தாங்கலாகத் தூக்கினார். ஓட்டைக்குள் கையை விட்டு மரத்தைப் பிய்த்துப் பார்த்தார். ஊறிப்போன பிஸ்கட்டாட்டம் கையோடு வந்தது.

"மாப்பிள்ளை! நீங்க மட்டும் இதைக் கண்டுபிடிக்கலைன்னா நடு ஏரியில எல்லாரும் உள்ளே போயிருப்போம்!"

"அப்ப ஞாயித்துக்கிழமை முடியாதுல்ல அண்ணா?" என்று மனைவி அவசரமாகக் கேட்டாள்.

"மூணு மாசமாவது ஆகும்" என்றார் வாத்தியார்.

"யார்கிட்ட சொல்றீங்க? நான் கதவு செய்யறவன்!" மச்சான் பட்டறையிலிருந்து நான்கு ஆட்களோடு பலகை, பசை, பிரஷ் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினார். வியாழன் சாயங்காலத்துக்குள் படகுக்கு வழவழவென்று புதுத் தரை வந்துவிட்டது. வீட்டுத் தரைகூட அப்படி இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை வாத்தியாருக்கு வகுப்பிலும் ஏரி நினைப்புத்தான். ஆறாம் வகுப்பில் நதிகளைப் பற்றிப் பாடம் நடத்தப் போனவர், 'ஆழம்' என்று எழுதிவிட்டுக் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்பக்கம் அடியில் ஒரு பித்தளைத் திருகு கண்ணில் பட்டது. படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியே விடுவதற்கான ஓட்டையின் அடைப்பு அது. அது இல்லாமல் தண்ணீரில் இறக்கினால் படகு உடனே மூழ்கும். அதைக் கழற்றி எங்கேயாவது தொலைத்துவிட்டால் தீர்ந்தது கதை!

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திருகினார். அவ்வளவுதான். எத்தனை வருஷத்துத் தண்ணீரோ, குபுகுபுவென்று அவர் செருப்பின்மேல் கொட்டியது. கூடவே ஒரு எலிக் குடும்பமும் தட்டுமுட்டுச் சாமானோடு வெளியேறியது. பாரம் குறைந்ததும் ஒரு பக்கமாய்ச் சரிந்து கிடந்த படகு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

"சபாஷ்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வேறு யார், மச்சான்தான். "கரையில இருக்கும்போது அடைப்பைக் கழட்டி வைக்கணும்னு எத்தனை பேருக்குத் தெரியும்? அனுபவம்னா அனுபவம்தான்!"

"திருகு எங்கேயோ விழுந்துடுச்சு மச்சான்" என்று வாத்தியார் அதைச் சட்டைப் பைக்குள் அமுக்கினார்.

"விடுங்க. எதுக்கும் இருக்கட்டும்னு நான் புதுசா ரெண்டு வாங்கி வெச்சிருக்கேன்."

இந்த மனுஷன் எந்த நேரத்தில் பிறந்தானோ!

சனிக்கிழமை வாத்தியார் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு வாளித் தண்ணீரில் முகத்தை முக்கிப் பழகினார். ஐந்து எண்ணுவதற்குள் மூச்சு முட்டியது. ஏரியில் விழுந்தால் வெளியே வர எத்தனை எண்ண வேண்டியிருக்குமோ? போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னங்க, நாளைக்கு மழை வருமா? நீங்கதான் பூகோளமாச்சே."

"வராது. நாலு தரம் பார்த்துட்டேன். வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு."

இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார் வாத்தியார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அந்த முகத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சிரித்த அதே முகம். நான் ஒரு புளுகன், உன்னைப் பொய் சொல்லித்தான் கட்டிக்கொண்டேன் என்று இந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? தண்ணீரில் மூழ்கிச் சாவது இதைவிடச் சுலபமாகத் தோன்றியது.

"வந்து... நாளைக்கு டிபனைச் சீக்கிரம் பண்ணிடு" என்று மென்று விழுங்கினார்.

வாசலில் ஹாரன் அடித்தது. மச்சான் காலில் கட்டும் பலகைகளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அளவு கச்சிதமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் சொந்தபந்தம் பதினான்கு பேர் துண்டும் குடையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ரிவர்ஸும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். தன் கையால் நேராக ஓடப்போகும் முதல் வண்டி அல்லவா? படகு சறுக்குப் பாதை வழியாகத் தண்ணீரில் இறங்கியது. மூழ்கவில்லை. சாயவில்லை. அன்னநடை போட்டு மிதந்தது, பாவி.

"அண்ணா, வெயில் ஜாஸ்தியா இருக்கு. இன்னொரு நாள் பார்க்கலாமே" என்று மனைவி கடைசியாக ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

"வெயிலுக்குத்தானே தண்ணி! மாப்பிள்ளை துடிச்சுக்கிட்டு இருக்கார், பாரு!"

வாத்தியார் துடித்துக்கொண்டுதான் இருந்தார். உயிர்காக்கும் கவசம் காது வரைக்கும் ஏறியிருந்தது. காலில் பலகையைக் கட்டி, படித்துறையிலிருந்து இரண்டு பேர் பிடித்து அவரைத் தண்ணீருக்குள் இறக்கினார்கள். காலுக்குக் கீழே தரையைத் தேடினார். தரை இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. கவசம் மட்டும் அவரைக் கழுத்தளவு பிடித்துக்கொண்டிருந்தது. ஏரியின் ஜில்லென்ற தண்ணீர் சட்டைக்குள் புகுந்து முதுகைத் தடவியது. மச்சான் கயிற்றின் கைப்பிடியை அவரிடம் எறிந்துவிட்டுப் படகில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"கட்டை விரலைத் தூக்கினா வேகமாப் போன்னு அர்த்தம், கீழே காட்டினா மெதுவா! ஞாபகம் இருக்கில்ல மாப்பிள்ளை?"

வாத்தியாருக்கு உயிரே போய்விட்டது. வகுப்பில் எவன் சரியாகப் பதில் சொன்னாலும் கட்டை விரலைத் தூக்குவது அவர் பழக்கம். விரல் தானாகத் தூக்கிக்கொண்டுவிடுமோ என்று பயந்து இரண்டு கட்டை விரலையும் கைப்பிடிக்கு அடியில் மடக்கிக்கொண்டார்.

சறுக்குகிறவரைக் கவனிக்கப் படகில் ஒருவர் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். அந்த இடத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அவரையே பார்த்தாள். பெருமையில் அழுகிறாள் என்று வாத்தியார் நினைத்தார். அவளைக் கடைசியாகப் பார்ப்பதுபோல் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

கயிறு மெல்ல மெல்ல நிமிர்ந்து விறைத்தது. கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். இன்ஜின் உறுமியது.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!"

வாத்தியார் தானே கத்திவிட்டோமோ என்று நினைத்தார். இல்லை. இந்தப் படகை விற்றவர், வேறு யாருக்கோ ஒரு படகைக் கொண்டுவந்து ஒப்படைக்க வந்தவர், படித்துறையில் தலைதெறிக்க ஓடிவந்துகொண்டிருந்தார். மச்சான் இன்ஜினை அணைத்தார். விற்றவர் மூச்சு வாங்கிக்கொண்டு, படகைப் பார்த்தார், தண்ணீரில் மிதந்த தலையைப் பார்த்தார், அப்புறம் வாத்தியாரின் மனைவியைப் பார்த்துக் கரையெல்லாம் கேட்கும்படி கத்தினார்.

"ஏம்மா, 'வீட்டுக்காரருக்கு நீச்சலே தெரியாது, பெருமைக்கு ஒரு படகு வேணும், எந்தக் காலத்துலயும் ஓடவே ஓடாததாப் பார்த்துக் குடுங்க'ன்னு கெஞ்சிக் கேட்டு வாங்கிட்டுப் போனீங்களே, இதை எந்தப் படுபாவி ரிப்பேர் பண்ணித் தொலைச்சான்?"