பம்பரம் அண்ணனும் நான் கண்டுபிடித்த கிரகமும்

சென்னையில் சுற்றுகிற எந்தப் பொருளையும் சும்மா விடாத ஒரே ஜீவன் பம்பரம் அண்ணன்தான். அடையாறில் நான் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்த லேபில் அவர் சீனியர். நிஜப் பெயர் அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் புழங்கவில்லை.

மயிலாப்பூர் மெஸ்ஸில் ஒருநாள் கிரைண்டர் கல்லில் விபூதிப் பொட்டு வைத்து, செல்போனில் வீடியோ எடுத்து, சுற்றுகளை எண்ணினார். போன வாரத்தைவிட மெதுவாம், பெல்ட்டை மாற்றச் சொன்னார். மெஸ்காரர் கடுப்பாகி, "இன்னா நைனா, துன்ன வந்தியா, ரிப்பேருக்கு வந்தியா?" என்றார். மறுவாரம் பெல்ட் அறுந்தது. அன்றிலிருந்து எங்களுக்கு வடை எக்ஸ்ட்ரா.

லேபிலும் இதே பொழப்புதான். ஆனால் அங்கே நியூட்ரான் நட்சத்திரம். செத்துப்போன நட்சத்திரத்தின் மிச்சம். சூரியனைவிடக் கனம், சென்னைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரேடியோ துடிப்பு நம்மிடம் வரும். துடிப்பு வந்த நேரத்தை வருஷக்கணக்கில் குறித்தால் அதன் சுழற்சியும் தெரியும், வானத்தில் எப்படி நகர்கிறது என்பதும் தெரியும். எனக்கு வாய்த்தது விசித்திரப் பிறவி. நொடிக்கு நூற்றுக்கணக்கான சுற்று. பக்கத்தில் ஒரு ஜோடி இருந்தால்தான் வழக்கமாக அவ்வளவு வேகம் வரும், இதுவோ ஒண்டிக்கட்டை. ஹாஸ்டலில் என் நிலைமையும் அதுவே என்பதால் பாசம் பொங்கியது.

அதற்குத் துணை தேடினேன். கிடைத்தது. துடிப்புகள் கொஞ்ச நாள் சீக்கிரம், கொஞ்ச நாள் தாமதம் என்று அலை மாதிரி ஆடின. சந்தேகமே இல்லை, நட்சத்திரத்தை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு சுற்றும் ஒரு கிரகம். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. தேறாவிட்டால் டிகிரி இல்லை என்று நடுங்கிக்கொண்டிருந்தவன், ஒரே மதியத்தில் விஞ்ஞானி ஆனேன். கேண்டீன் முழுக்கச் சொன்னேன். அம்மா வேளச்சேரி அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். கிரகத்துக்கு என் பெயர்தான்.

பம்பரம் அண்ணன் வரைபடத்தைப் பார்த்தார். "எத்தினி நாளுக்கு ஒரு தபா ஆடுது?"

"முந்நூத்தி அறுபத்தஞ்சே கால் நாள்ணா."

சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். "அது யார் வூட்டு வருஷம்டா?"

நான் கண்டுபிடித்தது பூமியை. கணக்குப் போடும் மென்பொருளில், நட்சத்திரம் வானத்தில் நகரும் வேகம் என்ற கட்டத்தில் சோம்பேறித்தனமாகப் பூஜ்யம் போட்டிருந்தேன். அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்க, பூமி சூரியனைச் சுற்றுவதால் துடிப்புகள் முந்திப் பிந்தி வருவதைச் சரிக்கட்ட நான் செய்த திருத்தம் வருஷத்துக்கு வருஷம் இன்னும் அதிகமாகப் பிசகியிருந்தது.

"அழுவாத. அலை எவ்ளோ பெருசாயிக்கினு போவுதுன்னு பாரு. அதான் அதோட ஸ்பீடு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மூன்று நாளும் எழுந்திருக்கவில்லை. வேகம் கிடைத்தது.

வைவாவில் எல்லாம் முடியப்போகும் நேரம் பார்த்து, வெளியிலிருந்து வந்த பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க யாரோ கிரகம் கண்டுபிடிச்சதா கேண்டீன்ல பேசிக்கிறாங்களே, யாரு அது?"

நான் ஒப்புக்கொள்ள வாயைத் திறப்பதற்குள், பின்வரிசையில் பம்பரம் அண்ணன் எழுந்தார்.

"நான்தான் சார். ஸ்பீட ஜீரோன்னு வுட்டுட்டேன். தம்பிதான் திருத்துனாப்ல."

அறையே சிரித்தது. மைக்ரோநொடி பிசகினாலே சோறு இறங்காத மனுஷர், என்மேல் விழவேண்டிய சிரிப்பை வாங்கிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்தார். டிகிரிச் சான்றிதழில் என் பெயர் மட்டும் அச்சாகியிருப்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் கூச்சம்தான்.