சாய்வுப் பாணிப் பானையின் சரித்திரம்

செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் பானை விற்க விழைவோர், தத்தம் பானை எக்காலத்துப் பாணியைச் சேர்ந்தது என்பதற்குச் சான்று பெறுதல் வேண்டும் என மட்கல மரபு நிர்ணயக் குழு ஆணையிட்டது. சிங்கவரத்துக் குயவர் கன்னியப்பன் கலங்கிப் போனார். கோடைக்குள் அங்கே கடை போட்டுவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. அவருடைய பானைகளோ போன செவ்வாய்க்கிழமைக் காலத்தவை.

ஆய்வு செய்ய அதிகாரி நெடுமாறன் எழுந்தருளினார். சிவந்த பானையைத் தட்டிப் பார்த்து, "பல்லவர் பாணி" என்றார். புகை படிந்ததை முகர்ந்து பார்த்து, "நாயக்கர் பாணி" என்றார்.

"ரெண்டும் ஒரே சூளைதான் சார். அந்தப் பக்கம் காத்து திரும்பிக்கிச்சி."

"ஒரே சூளையில் இரண்டு பேரரசுகள். அரிய செய்தி. இந்தச் சாய்ந்த பானை?"

"அது காயறதுக்குள்ள ஆடு முட்டிடிச்சி சார்."

நெடுமாறன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேறு எந்த ஊரிலும் இது கிடையாது. செஞ்சிச் சாய்வுப் பாணி. இதற்கு மட்டுமே சான்று. நேர்ப்பானை ஒன்று உம்மிடம் தென்பட்டாலும் கடை ரத்து."

அதிகாரி போனதும் கன்னியப்பனின் மனைவி ரஞ்சிதம், "இன்னாய்யா இது, பாதிக்கு மேல ஊத்துனா வழியுது. எவன் வாங்குவான்?" என்றாள்.

எல்லாரும் வாங்கினார்கள். சீர்வரிசையில் சாய்வுப் பானை இல்லையென்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். நேர்ப்பானை வைத்திருந்தோர், விருந்தாளி வந்தால் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்கள். முட்டும் பணியை முறையாக ஆற்றிவந்த ஆட்டுக்கு மதிய ஓய்வும் கடலைப் புண்ணாக்கும் வழங்கப்பட்டன.

இதையெல்லாம் கூர்ந்து நோக்கிய குடிநீர் அலுவலகம் ஓர் அறிவிப்பை ஒட்டியது: 'பொதுமக்களின் மரபார்ந்த தேவை பாதிப் பானையே எனத் தெளிவாகியுள்ளமையால், இனிப் பாதி நேரமே தண்ணீர் விடப்படும்.'

எவரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்தால் மரபுக்கு விரோதி ஆகிவிடுவார்களே.

தாகம் பொறுக்காத ரஞ்சிதம் மட்டும் ஒரு நேர்ப்பானையை முந்தானையால் மூடிக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். கழுத்துவரை தண்ணீர் பிடித்துத் தூக்கும்போது முந்தானை நழுவியது.

"இன்னா ரஞ்சிதம், கடைக்காரரு பொண்டாட்டி நீயே இப்படி ஊரு மானத்த வாங்கறியே" என்றாள் பக்கத்து வீட்டு வளர்மதி.

பதறிப் பின்னால் ஓடிவந்த கன்னியப்பனை வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. அவர் கடையை நினைத்தார். பானையைப் பிடுங்கி, மரபு அளவுக்கு மிஞ்சிய தண்ணீரைத் தரையில் கொட்டினார்.

நாவறண்டு நின்ற ஊரே கைதட்டியது.